பழைய பூட்லெக் கச்சேரித் தட்டுகளைச் சீரமைக்கும்போது முதலில் சுருதியைப் பாருங்கள்

ராக் கச்சேரிகளின் பழைய பூட்லெக் இசைத்தட்டுகளை, அதாவது கலைஞரின் அனுமதியில்லாமல் மறைவாக அச்சிட்டு விற்ற தட்டுகளை, எப்படிச் சீரமைப்பது, அவற்றிலுள்ள இரைச்சலை எந்த அளவுக்கு நீக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாலக்காட்டு மாவட்டத்தில், பொள்ளாச்சிக்கு அருகே எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறேன். இந்தத் தட்டுகளைத் தேடிச் சேர்ப்பதும், சுத்தம் செய்து கணினியில் ஏற்றுவதும் பல ஆண்டுகளாக என் விருப்பமான வேலை. இரைச்சலை நீக்குவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று அரங்கில் ஒலித்த அதே சுருதியில் தட்டு ஓடுகிறதா என்று தீர்மானிப்பதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் தட்டுகள் உருவான விதமே அதற்குக் காரணம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளைக் கொண்டு, பெயர்கூட அச்சிடாத வெள்ளை உறையில், 1969 கோடையில் லாஸ் ஏஞ்சலிஸில் விற்பனைக்கு வந்த ‘கிரேட் ஒயிட் வொண்டர்’தான் ராக் இசையில் பரவலாக அறியப்பட்ட முதல் பூட்லெக். அதே ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி ஓக்லண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு நடத்திய கச்சேரியை, பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்தே ஒருவர் பதிவு செய்ய, சில வாரங்களில் அதுவும் எல்.பி. தட்டாகக் கடைகளுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்குக் கூட்டாட்சிப் பதிப்புரிமை கிடைத்ததே 1972 பிப்ரவரி 15 முதல்தான் என்பதால், அந்த இடைவெளியில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. மறைவாக நடந்த தொழில் என்பதால் மூல நாடாவிலிருந்து ஒரு பிரதி, அந்தப் பிரதியிலிருந்து இன்னொரு பிரதி என்று கைமாறிய பிறகே பதிவு தட்டில் ஏறியது. ஒவ்வொரு கையிலும் இருந்த டேப் ரெக்கார்டரின் வேகம் சற்றே மாறுபட்டிருக்கும். பேட்டரியில் ஓடிய ரெக்கார்டராக இருந்தால், கச்சேரி போகப் போகப் பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் திரும்பப் போடும்போது, நேரம் செல்லச் செல்லச் சுருதி மேலே ஏறிக்கொண்டே போகும்.

என்னிடமுள்ள ஓர் அமெரிக்கக் கச்சேரித் தட்டைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் பாடகரின் குரல் இயல்புக்கு மீறி மெலிந்து ஒலிப்பதாகத் தோன்றியது. வீணை கற்றுத்தரும் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துக் கேட்கச் சொன்னேன். அவர் தம்புராவை மீட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “இது ஆறு கட்டையிலும் இல்லை தம்பி, ஆறரையிலும் இல்லை, நடுவில் தொங்குகிறது” என்றார். கிடார்க்காரர்கள் அப்படி இரண்டுங்கெட்டான் சுருதியில் மீட்டுவது அரிது. ஆனால், காதை மட்டும் நம்பித் திருத்துவதும் சரியாகாது. ராக் கிடார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போன்றவர்கள் மேடையில் பெரும்பாலும் கிடாரை அரை ஸ்வரம் இறக்கியே வாசித்தார்கள்.

எனவே வேறொரு சாட்சி வேண்டும். மேடையிலுள்ள ஆம்பிளிஃபயர்களின் மின்சார உறுமல்தான் அந்தச் சாட்சி. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 அதிர்வு), பிரிட்டனில் 50. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள அமைதியான பகுதியைக் கணினியில், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் படமாக விரித்துப் பார்த்தால் அமெரிக்கப் பதிவில் 60, 120, 180 என்ற இடங்களில் மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். நான் சொன்ன தட்டில் 120 இருக்க வேண்டிய கோடு 124இல் இருந்தது. அதாவது நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் வேகம் கூடியிருக்கிறது. ஆறு கட்டைக்கும் ஆறரைக்கும் நடுவிலுள்ள அரை ஸ்வர இடைவெளி ஏறக்குறைய ஆறு விழுக்காடு, அதில் பாதிதான் இது என்பதால், அக்கா காதால் சொன்னதும் இந்தக் கணக்கும் அப்படியே பொருந்தின. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. உங்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் அதே படத்தில் விழும். ஊசியைத் தூக்கிவிட்ட பிறகும் மறையாத கோடு உங்களுடையது. ஊசியோடு சேர்ந்து மறைவது தட்டினுடையது.

தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிள்களுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிட்டால் போதும் என்று எங்கள் பகுதியில் பலர் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. சின்க்ரனஸ் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது என்பதால், 60 ஹெர்ட்ஸுக்கானது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டிய தட்டு 28 சுற்றுக்கும் குறைவாக ஓடும். மோட்டாரிலுள்ள புல்லி என்ற சிறு சக்கரத்தை மாற்றினால்தான் சரியாகும்.

வாங்கும்போது பலரும் உறையையும் வண்ணத் தட்டையும் பார்த்து மயங்குகிறார்கள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் சுரண்டி எழுதியிருக்கும் எண்தான் எந்த அச்சு என்பதைக் காட்டும். அதைவிட முக்கியமானது, திருடிய தட்டையே திருடி அச்சடித்த பிரதியா என்பது. 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 1.8 விநாடிக்கு ஒருமுறை ‘டக்’ என்ற ஒலி கேட்டு, அந்த இடத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தும் கீறலே தெரியாவிட்டால், அந்தக் கீறல் வேறொரு தட்டில் இருந்தது. அந்தத் தட்டிலிருந்துதான் இது எடுக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட பிரதிக்கு நான் அதிக விலை தருவதில்லை.

சுத்தம் செய்வதில் எங்கள் ஊருக்கென்றே சில தொல்லைகள் உள்ளன. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் உறைக்குள் பூஞ்சை படரும். உலர்ந்த துணியால் துடைத்தால் புழுதி வரிப்பள்ளத்துக்குள் தேய்ந்து ஏறும் என்பதால், டிஸ்டில்டு வாட்டரில் ஓரிரு சொட்டு மணமில்லாத சோப்புத் திரவம் கலந்து, மென்மையான பிரஷ்ஷால் பள்ளத்தின் போக்கிலேயே துலக்கி, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இருமுறை அலசுகிறேன். பழைய காகித உள்ளுறையைக் கழித்துவிட்டுப் பாலித்தீன் உள்ளுறை போடலாம். ஆனால் வெளியுறையையும், அதோடு வந்த நகல் தாளையும் ஈரத் துணியால் தொடவே கூடாது. பல பூட்லெக்குகளுக்கு ரப்பர் முத்திரையில் குத்திய பெயரைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. அந்த மை ஈரத்தில் கலைந்துவிடும். ராமபாணப் பூச்சிக்கும் அந்தக் காகிதம் மிகவும் பிடிக்கும். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

இனி இரைச்சல். பார்வையாளர் பதிவுகளில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே ஒலித்தடம் கொண்டவை. அவற்றை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்தியிருக்கும் பகுதி) எடுத்து இடது, வலது தடங்களை ஒன்றாகக் கூட்டினாலே பள்ளத்தின் இரைச்சலில் ஒரு பகுதி தானாக அடங்கிவிடும். இசைக்கு எந்தச் சேதமும் இல்லை. அதற்கு மேல் கீறல் ஒலிகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்குங்கள். தானியங்கி மென்பொருளுக்குக் கைதட்டலும் கீறலும் ஒன்றாகவே தெரிவதால் அது கைதட்டலைத் தின்றுவிடும். ஹிஸ் என்ற சீறலை முழுவதும் அகற்ற முயன்றால் டிரம்ஸிலுள்ள சிம்பலின் ஒலி தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

கூட்டத்தின் சத்தத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பதிவானது என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்கப்பட்ட டிலன் பூட்லெக், உண்மையில் 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த கச்சேரி. கூட்டத்திலிருந்து ஒருவர் “யூதாஸ்!” என்று கத்துவது அதில் தெளிவாகக் கேட்கும். 1998இல் அதிகாரப்பூர்வமாக வெளியானபோதும் அந்தக் குரல் அப்படியே இடம்பெற்றது. இருமலும் கூச்சலும் வசையும்தான் ஒரு தட்டு எந்த ஊரின், எந்த இரவின் பதிவு என்பதைக் கண்டுபிடிக்க உதவுகின்றன.

ஆகவே கணினியில் ஏற்றும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர் தரத்தில், எந்தத் திருத்தமும் செய்யாத மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊசி, வெற்று வளையத்தில் என்ன எண், வேகத்தை எவ்வளவு மாற்றினேன், எந்த ஆதாரத்தில் மாற்றினேன் என்பதை ஒரு தாளில் எழுதி, அதை உறைக்குள்ளேயே செருகி வைக்கிறேன். இந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்து விற்பது மட்டும் வேண்டாம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தம் நிகழ்ச்சியின் மீது உள்ள உரிமையை 1994ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் ஏற்றுக்கொள்கிறது.