மும்பையிலிருந்து குடும்பத்துடன் குறைந்த செலவில் கப்பல் சுற்றுலா செல்வது எப்படி?

கேள்வி கேட்டவர் வீட்டில் இரண்டு பிள்ளைகளுடன் நால்வர் என்றும், மும்பையிலிருந்து கோவா வரை கப்பலில் சென்றுவர எண்ணியிருப்பதாகவும், விளம்பரத்தில் காணும் தொகையோடு செலவு முடிந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறார். முடியாது. மும்பையின் செம்பூரில் வசிக்கும் நானும் என் மனைவியும் மகளும் அம்மாவும் ஒரு நவம்பர் மாதம் அந்தப் பயணத்தை மேற்கொண்டோம். அதில் நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஆளுக்கு ஆகும் அடிப்படைக் கட்டணம் மட்டுமே. அதற்கு மேல் துறைமுகக் கட்டணம், பணியாளர் சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. ஆகியவை சேரும். பிள்ளைகளுக்கு அறைக் கட்டணத்தில் சலுகை கிடைத்தாலும் துறைமுகக் கட்டணம் பெரும்பாலும் முழுதாகவே வரும். எங்கள் ஏஜெண்ட் தொலைபேசியில் 'எல்லாம் சேர்த்துத்தான்' என்று சொன்ன தொகைக்கும், பணம் கட்டும் நாளில் அவர் அனுப்பிய கணக்குக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தது. தொலைபேசியில் பேசிய அன்றே முன்பணம் கட்டியிருந்ததால் பின்வாங்கவும் வழியில்லை. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், நால்வருக்கும் கடைசி ரூபாய் வரை எவ்வளவு என்பதையும், எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் நிறுவனத்தின் இணையதளத்திலும் அதே தேதிக்கு அதே அறையைத் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பக்கம் வரை சென்று பார்த்துவிட்டால் ஒப்பிட எளிது.

உண்மையான சேமிப்பு இருப்பது அறையில்தான். மும்பையிலிருந்து 2021 முதல் இயங்கிவரும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 1990-இல் கட்டப்பட்டது; அந்தக் காலத்துக் கப்பல்களில் பால்கனி உள்ள அறைகள் மிகக் குறைவு என்பதால் அவற்றின் விலை மற்ற அறைகளைவிட மிகக் கூடுதலாக இருக்கும். ஜன்னல் இல்லாத உள்ளறையை எடுத்தால், அதே உணவகம், அதே மேடை நிகழ்ச்சி, அதே மேல்தளம் எல்லாம் உங்களுக்கும் உண்டு. நால்வருக்கு இரண்டு அறைகள் எடுப்பதைவிட, சுவரிலிருந்து இறங்கும் மேல்படுக்கைகள் உள்ள ஓர் அறையை எடுத்தால், மூன்றாவது, நான்காவது நபருக்கான கட்டணம் பெரும்பாலும் கணிசமாகக் குறையும். அம்மாவும் மனைவியும் கீழே படுத்துக்கொண்டார்கள். நானும் மகளும் சிறிய இரும்பு ஏணியில் ஏறி மேலே படுத்தோம். விளக்கை அணைத்ததும் கை கூடத் தெரியாத இருட்டாக இருந்தது; அம்மா இரவில் தடுமாறிவிடக் கூடாதே என்று குளியலறை விளக்கை எரியவிட்டு, அதன் கதவை ஒரு செருப்பை வைத்து சற்றே திறந்து நிறுத்தினோம். வயதானவர்களோடு செல்பவர்கள் இதை எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று, கப்பலின் ஆட்டம் குறைவாகத் தெரிவது கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில். மலிவான அறைகள் பலவும் அங்கேதான் இருக்கின்றன. அறை எண்ணைத் தேர்ந்தெடுக்க அனுமதித்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, வார இறுதி ஆகியவற்றைத் தவிர்த்து, வாரநாளில் புறப்படும் பயணத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்பதால் அந்த மாதங்களில் இந்தப் பக்கம் கப்பல் பயணத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கப்பலில் ஏறிய பிறகு ஆகும் செலவு உங்கள் கையில் இருக்கிறது. பொது உணவகமும் பஃபேயும் கட்டணத்தில் அடங்கும். மதுவகைகள், குளிர்பானங்கள், தனி உணவகங்கள், ஸ்பா, வைஃபை, புகைப்படம் போன்றவை பொதுவாக அடங்காது. எல்லாவற்றுக்கும் அறைச்சாவி அட்டையையே நீட்டுவதால் பணம் போவது கண்ணுக்குத் தெரிவதில்லை. மகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பானம் என்று முன்பே பேசிவைத்திருந்தோம், அவளும் அதைக் காத்தாள். வெறும் தண்ணீர் பாட்டிலை எடுத்துச்சென்று பஃபேயில் நிரப்பிக்கொண்டோம். வீட்டில் சமைத்த உணவை ஏற்ற அனுமதி இல்லை என்பதை மட்டும் நான் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். அம்மா இரண்டு நாள் உழைத்துக் கிளறிய புளிக்காய்ச்சல் பாட்டில் பாதுகாப்புச் சோதனையில் நின்றுவிட்டது, அவர் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை. தயிர்சாதத்துக்கு ஏங்குபவர்களுக்கு பஃபேயில் வெள்ளைச் சோறும் தயிரும் கிடைத்தன.

கைப்பேசியைக் கரை மறைவதற்கு முன் ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சொந்த செல்போன் வலையமைப்பில் கருவி தானாக இணைந்தால், சாதாரணத் திட்டம் அங்கே செல்லாது. சில நிமிடங்களுக்கே பெரிய தொகை வரக்கூடும்.

கோவாவில் கப்பல் நிற்பது மர்மகோவா துறைமுகத்தில். வாஸ்கோ ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. போக்மாலோ கடற்கரையும் தொலைவில்லை. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவை நால்வருக்கு வாங்குவதைவிட, வெளியே ஒரு டாக்ஸி பேசிக்கொள்வது எங்களுக்குச் சிக்கனமாக அமைந்தது. ஆனால் தனியாகச் செல்பவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது; கடைசி நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நாங்கள் திரும்பிவிட்டோம். தொலைவில் உள்ள வடகோவாவுக்குப் போய்வரும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது.

மும்பையில் கப்பல் புறப்படும் இடம் பல்லார்டு பியர் என்ற கப்பல்துறை. ஒரு காலத்தில் லண்டனிலிருந்து வந்த கப்பல் பயணிகள் அங்கேயே ரயில் ஏறினார்கள். இப்போது அந்த ரயில் இல்லை. செம்பூரிலிருந்து ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) நிலையம் வரை வந்து, அங்கிருந்து டாக்ஸியில் சென்றோம். பெட்டிகள் குறைவாக இருந்தால் இதுவே போதும்.

கடைசி இரவில் உங்கள் அறைச்சாவி அட்டைக்கான கணக்கை வரவேற்பு மேசையில் கேட்டு வாங்கி, வரிக்கு வரி பாருங்கள். எங்கள் கணக்கில் நாங்கள் வாங்காத ஒரு புகைப்படம் இருந்தது. அப்போது அங்கே இரண்டே பேர் நின்றிருந்ததால் ஐந்து நிமிடத்தில் நீக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை இறங்கும் நேரத்தில் அதே மேசைக்கு முன்னால் வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது.