மக்களவையில் எதிர்க்கட்சி எம்.பி. ஒருவர் அமைச்சரிடம் கேள்வி கேட்பது எப்படி?

நினைத்தவுடன் எழுந்து கேட்க முடியாது. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன்பே எழுத்தில் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், மற்றதற்கு எழுத்தில்தான். ஒரு நாளைக்கு முதல் வகையில் 20, இரண்டாவதில் 230. யாருடைய கேள்வி வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

பல கேள்விகள் வாசகத்திலேயே அடிபட்டுப் போகின்றன. 150 சொல்லைத் தாண்டக்கூடாது; வாதம், குற்றச்சாட்டு, கிண்டல், ஊகம் கூடாது; நீதிமன்ற விசாரணையில் இருப்பதையும் கேட்க முடியாது. "இந்த முறைகேட்டை ஏன் மறைக்கிறீர்கள்?" என்று எழுதினால் நிராகரிப்புதான். "கடந்த மூன்று ஆண்டுகளில் இத்திட்டத்துக்கு மாநில வாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு?" என்று எழுதினால் அமைச்சகம் பொதுவாக எண்களைத் தர வேண்டியிருக்கும். அந்த எண்களே பல சமயம் குற்றச்சாட்டைவிடக் கடுமையாகப் பேசும்.

உண்மையான சோதனை, அமைச்சரின் வாய்மொழிப் பதிலைத் தொடர்ந்து அவையிலேயே கேட்கும் துணைக் கேள்வியில். கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு கிடைக்கும், பிறருக்குச் சபாநாயகர் அனுமதித்தால் ஒன்று. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்: அதைச் சொற்பொழிவாக்கினால் அமைச்சரும் சொற்பொழிவாற்றி நழுவிவிடுவார். பதிலில் இடிக்கும் ஒரே எண்ணைப் பிடித்து ஒரே வரியில் கேட்க வேண்டும். கேள்வி நேரம் 11 முதல் 12 மணி வரைதான். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் நேரடியாக மடக்கும் வாய்ப்பே போய்விடும், எழுத்துப் பதில் மட்டும் மிஞ்சும். எதிர்க்கட்சிக்கு அது பெரிய இழப்பு.

"தகவல் திரட்டப்படுகிறது" என்று பதில் வந்தாலும் விடவேண்டாம். அது உறுதிமொழியாகக் கணக்கில் வரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அரசு உறுதிமொழிக் குழு அதைக் கண்காணிக்கும்.