அம்மாவின் சி.டி.எக்ஸ். ஏறிவிட்டது, பயப்படணுமா? (கேள்வி பதில்)

எலும்பு தொடர்பான ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் பற்றி மும்பைத் தமிழ்ப் பெண்கள் கேட்டவற்றுக்கு, லேபில் இந்தப் பரிசோதனைகளைச் செய்துவந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் முடிவு.

செம்பூர்: அக்கா, அம்மாவுக்கு 68 வயது. சி.டி.எக்ஸ். போன வருஷம் 280, இப்போது 460. எலும்பு அவ்வளவு வேகமாகவா கரைகிறது?

முதலில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் போன வருஷம் காலை 11 மணி, டிபன் ஆன பிறகு. இந்த வருஷம் 7.30, வெறும் வயிறு. லேபும் வேறு. எலும்பு கரையும்போது அதன் கொலாஜனிலிருந்து உதிரும் துணுக்குகளைத்தான் சி.டி.எக்ஸ். அளக்கிறது. அது விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பகலில் இறங்கும், சாப்பிட்டால் இன்னும் இறங்கும். ஆகவே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. இனிமேல் ஒரே லேப், ஒரே நேரம், வெறும் வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவர் தாமதமானால் அன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுங்கள், தப்பில்லை.

மாட்டுங்கா: ரத்தப் பரிசோதனை இருக்கும்போது டெக்ஸா ஸ்கேன் எதற்கு?

எலும்பின் அடர்த்தியை ரத்தம் சொல்லாது. டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்) மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே, அதாவது எலும்புப்புரை, என்பதை ஸ்கேனில்தான் பார்க்க முடியும். ரத்தம் காட்டுவது எலும்பு கரைந்து கட்டப்படும் வேகத்தை மட்டும்.

முலுண்ட்: மூன்று மாதம் முன்பு மாமியாருக்கு மணிக்கட்டு முறிந்தது. இப்போது ஏ.எல்.பி., பி1என்பி இரண்டும் அதிகம். கேன்சராக இருக்குமோ?

இவை இரண்டும் எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள். முறிந்த எலும்பு கூடும்போது இவை ஏறும், பல மாதங்களுக்கு இறங்காமலும் இருக்கும். ஏ.எல்.பி. கல்லீரலிலிருந்தும் வருவதால் கல்லீரல் பரிசோதனையான ஜி.ஜி.டி.யையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி 20 ng/mL-க்குக் கீழே இருந்தாலும் ஏ.எல்.பி. ஏறலாம், அப்போது பி.டி.எச். (ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) பார்ப்பது நல்லது. ரத்தத்தில் கால்சியம் அதிகமாக இருந்தாலோ, ரத்தசோகையோடு விடாத முதுகுவலி இருந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

டோம்பிவிலி: சிறுநீரில் என்.டி.எக்ஸ். கேட்டிருக்கிறார்கள். எந்தச் சிறுநீர்?

என்.டி.எக்ஸும் சி.டி.எக்ஸ். போல எலும்பு கரைவதைக் காட்டுவதுதான். பொதுவாக, எழுந்ததும் போவதை விட்டுவிட்டு இரண்டாவது தடவை போவதைப் பிடிப்பார்கள். அதைக் கிரியேட்டினினால் (தசையிலிருந்து வரும் கழிவு) வகுத்துத்தான் ரிப்போர்ட் தருவார்கள். தசை வற்றிப்போன, ரொம்ப ஒல்லியான பாட்டிகளுக்குக் கிரியேட்டினின் குறைவாக இருக்கும், அதனாலேயே விகிதம் பெரிதாகத் தெரியும்.

தாராவி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

லேபில் கட்டாயம் சொல்லுங்கள். சில கருவிகளில் பயோட்டின் சி.டி.எக்ஸை, பி.டி.எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும், வைட்டமின் டியைக் கூட்டிக் காட்டும். எத்தனை நாள் முன்பே நிறுத்தணும் என்பது மாத்திரையின் அளவைப் பொறுத்தது.

செம்பூர், இன்னொருவர்: எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரம் ஒன்று, நாலு மாதமாக அம்மா விடாமல் சாப்பிடுகிறார். சி.டி.எக்ஸ். அசையவே இல்லை. மருந்து கேட்கவில்லையா?

இந்தப் பரிசோதனை உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். மருந்து வேலை செய்தால் மூன்று மாதத்திலேயே சி.டி.எக்ஸ். நன்றாக இறங்கியிருக்க வேண்டும். பத்து சதவீத ஏற்ற இறக்கம் கணக்கில் வராது, கால் பங்குக்கு மேலாவது குறையணும். மருந்தைக் குறை சொல்லுமுன் அம்மா அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். காலையில் டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டே மாத்திரையைப் போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். காபியோ, பாலோ, கால்சியம் மாத்திரையோ சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரில் விழுங்கணும். அப்புறம் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடவும் கூடாது. கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். இப்படி மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு, அதே லேபில் அதே நேரத்தில் மறுபடி எடுத்துப் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள்.