ஏற்காட்டுக்காரருக்குச் சேலம் வெயில் பழக எத்தனை நாள் ஆகும்?

ஏற்காட்டிலேயே வளர்ந்த தம்பி, மே மாதம் சேலத்தில் கட்டட வேலைக்குச் சேர்கிறார். உடம்பு தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாங்கும். தினமும் வெயிலில் கொஞ்ச நேரம் உழைத்தால் பெரும்பாலான மாற்றங்கள் 7 முதல் 14 நாளுக்குள் வந்துவிடும். ஏசி அறையில் உட்கார்ந்திருந்தால் வராது. சேலம் செவ்வாய்பேட்டைக் கடைவீதியில் மூட்டை தூக்குபவருக்கு இருக்கும் தாங்குதிறன் அங்கேயே கல்லாவில் இருப்பவருக்கு இல்லாதது இதனால்தான்.

முதலில் மாறுவது ரத்தம். சில நாட்களிலேயே அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். அதே வேலைக்கு இதயம் முன்போல் படபடக்க வேண்டியதில்லை. அடுத்தது வியர்வை. சீக்கிரமே சுரக்கும், அதிகமாகவும் சுரக்கும். இப்படிக் கொட்டுகிறதே என்று வீட்டில் பயப்படுவார்கள். உடம்பு பழகியதற்கு அடையாளமே அதுதான். எனக்குப் பிடித்த சங்கதி, அந்த வியர்வையில் உப்பு குறைவு என்பது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் தூண்டுதலால், வியர்வை வெளியேறும் குழாயிலேயே சோடியம் மீட்கப்பட்டு உள்ளே போய்விடுகிறது. ஆனால் தண்ணீர்த் தேவை குறையாது, கூடும்.

ஊருக்குத் திரும்பிச் சில வாரம் இருந்தால் இந்தப் பழக்கம் கழன்றுவிடும். திரும்பி வந்தால் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான். உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைப்பது வெறும் காற்றழுத்த வித்தியாசம்.

முதல் வாரம் குறைந்த வேலையில் தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.