எல்க் வேட்டைக்கு எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெற்று வசிக்கிறான். அக்டோபரில் நான் அங்கு செல்லும்போது என்னை எல்க் மான் வேட்டைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறான். மதுரையில் சில ஆண்டுகளாக .22 ரைஃபிளில் இலக்குச் சுடும் பயிற்சி செய்து வருகிறேன்; அதைவிடப் பெரிய துப்பாக்கியைக் கையில் எடுத்ததில்லை. வயது 58, மெலிந்த உடல். மகனிடம் 6.5 கிரீட்மோர் ரைஃபிள் இருக்கிறது. அவனுடைய நண்பர்களோ .300 வின்செஸ்டர் மேக்னம் இல்லாமல் எல்க் வேட்டைக்குப் போகவே கூடாது என்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது, ஐயா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: புதிதாக ஒன்றை வாங்குவதாக இருந்தால் .30-06 ரைஃபிள் வாங்கச் சொல்லுங்கள். (இந்தப் பெயர்கள் எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள்; அந்தத் தோட்டாவைச் சுடும் ரைஃபிளையும் அதே பெயரால் சொல்வார்கள்.) வாங்கும் எண்ணம் இல்லையென்றால் மகனுடைய 6.5 கிரீட்மோரே போதும், ஆனால் தூரத்துக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். .300 மேக்னம் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் விலங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எல்க் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடமானுக்கு உறவு என்றாலும் அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும், பெண் 220 கிலோ அளவில் இருக்கும். தோள் எலும்பு தடித்தது, நெஞ்சு அகலமானது. நுரையீரலில் குண்டு பட்ட பிறகும் ஒன்றும் நடவாததுபோல் நின்றுகொண்டிருக்கும், அல்லது மெல்ல நடந்து அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய விலங்கு கண்ணில் படாமலே செத்துப்போவதைவிட வேட்டைக்காரனுக்கு இழிவு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் துப்பாக்கி அதிக வலிமையுடையது என்பதன்று. எந்தத் துப்பாக்கியால் நீங்கள் அந்த நெஞ்சுக்கூட்டில் ஏறத்தாழ ஓர் அடி அகலமுள்ள இடத்தைத் தவறாமல் அடிப்பீர்கள் என்பதே.

.300 வின்செஸ்டர் மேக்னம் 1963இல் வந்தது. 1906இல் அமெரிக்க இராணுவத்துக்காக வந்த .30-06 எறியும் அதே விட்டமுள்ள 180 கிரெயின் குண்டை, அதாவது சுமார் 11.7 கிராம் எடையுள்ள குண்டை, நொடிக்கு 80 மீட்டர் அளவுக்குக் கூடுதல் வேகத்தில் எறிகிறது. அந்த வேகத்தின் பயன் 300 கெஜத்துக்கு அப்பால்தான் தெளிவாகத் தெரியும். அதற்குக் கொடுக்கும் விலையோ முதல் குண்டிலிருந்தே தோளில் தெரியும். .22 ரைஃபிளுக்கு உதை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. அதிலிருந்து நேரே மேக்னத்துக்குத் தாவுகிறவர், சில தோட்டாக்களுக்குள்ளாகவே விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடி உடலைச் சுருக்கத் தொடங்கிவிடுவார். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் அகற்றுவது கடினம். பல ஆண்டுகளாக நீங்கள் வளர்த்த விரல் கட்டுப்பாடு முழுவதும் வீணாகும். மெலிந்த உடலோடு, மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது ஸ்கோப்பின் (துப்பாக்கி மேல் உள்ள, குறி பார்க்கும் தொலைநோக்கியின்) விளிம்பு புருவத்தில் மோதிக் கிழிக்கும் விபத்தும் மேக்னங்களில்தான் அதிகம்.

6.5 கிரீட்மோர் மென்மையானது, துல்லியமானது. சட்டமும் குறுக்கே நிற்காது: எல்க் வேட்டைக்குக் குறைந்தது .24 அங்குல விட்டமும் 85 கிரெயின் எடையும் உள்ள விரிவடையும் குண்டு வேண்டும், 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருக்க வேண்டும் என்பது கொலராடோவின் விதி, 6.5 இவற்றை எளிதாகத் தாண்டுகிறது. ஆனால் அதன் 140 கிரெயின் குண்டு, சாய்ந்து நிற்கும் பெரிய ஆணின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டிய நேரத்தில் கையிருப்பு வலிமை குறைவு. அதை எடுத்துச் சென்றால் 250 கெஜத்துக்குள், விலங்கு முழுப் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டுமே சுடுவது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். .30-06 இந்தக் கட்டுப்பாட்டைச் சற்றுத் தளர்த்துகிறது. அதன் உதையும் பழகக்கூடிய அளவில்தான் இருக்கிறது. அதற்கும் தோள் ஒப்பவில்லை என்றால் 1925இல் வந்த .270 வின்செஸ்டர், 150 கிரெயின் குண்டுடன், நல்ல நடுவழி.

தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் கட்டமைப்பு முக்கியமானது. கடைகளில் இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். வெறும் ஈயக் கருவும் மெல்லிய செம்பு உறையும் கொண்ட சாதாரணக் குண்டு, சிறிய மான்களுக்கு ஏற்றபடி பட்டவுடன் விரிந்து சிதறும். எல்க்கின் தோளில் பட்டால் மேற்புறத்திலேயே நொறுங்கிவிடலாம். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது குண்டுகள் இப்படி உள்ளே போகாமல் நின்றதைக் கண்டுதான், நடுவில் தடுப்புச் சுவருள்ள ‘பார்ட்டிஷன்’ குண்டை உருவாக்கினார். 1948 முதல் அது விற்பனையில் இருக்கிறது. முன்பாதி விரிந்தாலும் பின்பாதி எடை குறையாமல் ஊடுருவிச் செல்லும். உறையோடு ஈயத்தைப் பிணைத்த குண்டுகளும், முழுக்கச் செம்பாலான குண்டுகளும் இதே வேலையைச் செய்கின்றன. .30-06இல் 165 அல்லது 180 கிரெயினில் இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, பயிற்சிக்கும் வேட்டைக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

ரைஃபிளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. டிக்கா, வின்செஸ்டர் 70, ருகர், சாவேஜ், ஹோவா என எந்த நல்ல போல்ட் ரைஃபிளும் (ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) உங்கள் தேவைக்கு மேலான துல்லியம் உடையது. தோளில் வைத்ததும் கண் ஸ்கோப்புக்கு நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள். தோளில் பதியும் கட்டை நீளமாக இருந்தால் கடையிலேயே குறைத்துத் தருவார்கள். பனியிலும் ஈரத்திலும் உப்பாத செயற்கைக் கட்டை, 22 அங்குலக் குழல், 3 முதல் 9 மடங்கு பெருக்கும் ஸ்கோப் போதும். எடை ஸ்கோப்புடன் மூன்றரைக் கிலோவுக்குக் குறைந்தால் உதை கூடும். நான்கைத் தாண்டினால் சுமப்பது கடினம். எல்க் வாழும் சரிவுகளில் பல கொடைக்கானலைவிட உயரமானவை. இங்கிருந்தே வாரந்தோறும் அழகர்மலைப் படிகளில் நான்கு கிலோ சுமையுடன் ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கும் நிலையில் எந்தத் துப்பாக்கியும் நேராகச் சுடாது.

மதுரைச் சுடுதளத்தில் உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுடப் பழகுங்கள். வேட்டையில் மேசை கிடைக்காது. வேட்டை தொடங்க இரண்டு வாரங்களுக்கு முன்பே கொலராடோ சென்று 200 கெஜத்தில் குறி பொருத்துங்கள், அதாவது அந்தத் தூரத்தில் ஸ்கோப் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்யுங்கள். அப்படிப் பொருத்திய .30-06இன் குண்டு 300 கெஜத்தில் ஏறத்தாழ 20 செ.மீ. தாழும், 400இல் 55 செ.மீ.க்கும் மேல் தாழும். உங்கள் முதல் வேட்டைக்கு 300 கெஜமே எல்லையாக இருக்கட்டும். ஒரு முறை சுட்டதும் உடனே போல்டை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள். எல்க் நின்றுகொண்டிருந்தால், அது விழும்வரை சுடுங்கள்.

சட்டம் குறித்து இரண்டு செய்திகள்: சுற்றுலா விசாவில் வருபவர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை; ஒரு மாநிலம் வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. 1949 சனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் அந்த உரிமம் பெற, கொலராடோவில் வேட்டைப் பாதுகாப்புக் கல்விச் சான்றிதழ் வேண்டும். இரண்டையும் மகனிடம் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மொன்டானாவில் இருக்கும் என் மருமகன் ஆண்டுதோறும் எல்க் வேட்டையாடி, குளிர்காலம் முழுவதும் அந்த இறைச்சியைத்தான் சமைக்கிறார்கள். மகள் கருவுற்றிருக்கிறாள், மூன்று வயதுப் பேரனும் உண்டு. குண்டில் உள்ள ஈயம் இறைச்சியில் கலக்குமா?
– வாசகி, அண்ணா நகர், மதுரை

பதில்: கலக்கும், அம்மா. விரைந்து செல்லும் ஈயக் குண்டு உடலுக்குள் விரியும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைச் சுற்றி வெகு தூரம் பரவும். 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில் நன்கொடையாக வந்த மான் இறைச்சியில் ஈயம் காணப்பட்டதால், அதை வழங்க வேண்டாம் என்று உணவு வங்கிகளுக்குச் சொன்னார்கள். ஈயக் குண்டால் சுட்ட இறைச்சியைக் கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் தவிர்க்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். ஆகவே இப்போது உறைபெட்டியில் உள்ளதை மகளுக்கும் பேரனுக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. அடுத்த ஆண்டிலிருந்து மருமகன் முழுச் செம்புக் குண்டுக்கு மாறட்டும். வேட்டைத் திறனில் எந்த இழப்பும் இல்லை. எடையைத் தக்கவைத்து ஆழமாக ஊடுருவுவதில் அவை சிறந்தவை. வழக்கமான எடையைவிடச் சற்றுக் குறைந்ததைத் தேர்ந்து, குறியை மறுபடி பொருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கலிபோர்னியாவில் 2019 சூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாக் குண்டே கட்டாயம். அங்குள்ளவர்கள் அவற்றைக் கொண்டுதான் எல்க் வேட்டையாடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் உரிமம் பெற்ற .315 ரைஃபிள் ஒன்று தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று எல்க் வேட்டையாடலாமா?
– வாசகர், மேலூர்

பதில்: கனமான 8 மி.மீ. குண்டு என்பதால் அருகில் நிற்கும் எல்க்குக்கு அந்தத் தோட்டா போதும். ஆயினும் கொண்டு செல்லாதீர்கள். வேட்டைக்காகத் தற்காலிகமாகத் துப்பாக்கி கொண்டுவரும் வெளிநாட்டவர், அமெரிக்க அரசின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லவும் திரும்பக் கொண்டுவரவும் தனி அனுமதிகள் தேவை. அங்கு .315 தோட்டா கடைகளில் கிடைக்காது. உறவினரிடம் ஒரு .30-06 இரவல் வாங்குவது எளிது. உள்ளூரிலும் உங்கள் .315ஐக் கொண்டு வேட்டைக்குப் போக இடமில்லை: 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டை உரிமங்களுக்கு முடிவு கட்டிவிட்டன, மேகமலையின் கடமானும் அந்தப் பாதுகாப்பில்தான் இருக்கிறது. எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். உரிமத்தைக் காலம் தவறாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.