பளபளக் குமிழிக்குப் பட்டா கிடையாது

கேள்வி: திருப்பூரில் சின்னதாக டி-ஷர்ட் பிரின்டிங் யூனிட் வைத்திருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகன், நீல வானம், பச்சைப் புல், தண்ணீர்க் குமிழி, மீன் என்று பழைய கம்ப்யூட்டர் ஸ்கிரீன் மாதிரி டிசைன் போட்டு 'ஃப்ருட்டிகர் ஏரோ கலெக்‌ஷன்' என்று ஆன்லைனில் விற்கிறான். நன்றாகப் போகிறது. போன வாரம் ஒருவர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, இந்த ஸ்டைலே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குச் சொந்தம், வருஷத்துக்கு 18,000 ரூபாய் கட்டி லைசென்ஸ் வாங்காவிட்டால் கேஸ் வரும் என்கிறார். மேலே 25,000 கொடுத்தால் அந்தப் பெயரையே எங்கள் பேரில் பதிந்து தருவாராம். கட்டிவிடலாமா? மகன் அடுத்து அந்த விண்டோஸ் பச்சை மேட்டுப் படத்தை அடிக்கலாம் என்கிறான். டிசைன்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

கட்டாதீர்கள். மற்றதையெல்லாம் படிக்க நேரமில்லை என்றால் இந்த ஒரு சொல் போதும்.

அவர் சொன்னதை நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இது வேறொருவருக்குச் சொந்தம் என்கிறார். அதே மூச்சில் உங்கள் பேரில் பதிந்து தருகிறேன் என்கிறார். அடுத்தவர் நிலத்தைக் காட்டி அட்வான்ஸ் கேட்கும் புரோக்கர் கூட இரண்டு வாக்கியத்துக்கு நடுவே ஒரு டீ குடிப்பார்.

இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். லேபிள், பெட்டி, பனியன் டிசைன் என்று 25 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முன்பெல்லாம் விசிட்டிங் கார்டோடு கடைக்கு வருவார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறார்கள். தங்க நிற ஓரம் போட்ட சர்ட்டிஃபிகேட் ஒன்று அனுப்புவார்கள். அதில் அசோகச் சக்கரம் மாதிரி ஏதோ இருக்கும், ஆனால் அசோகச் சக்கரம் இருக்காது. அடுத்த முறை கூப்பிட்டால் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்த டிரேட்மார்க், பதிவு எண் என்ன? எந்த வகுப்பில், அதாவது எந்த வகைச் சரக்குக்கு, பதிந்திருக்கிறது? உரிமையாளர் உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் எங்கே? பதிவு எண் இருந்தால் அரசின் டிரேட்மார்க் தளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று பொடி எழுத்தில் இருந்தால் அதற்குப் பதிவு தேவையே இல்லை, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போட்டால்தான் பதிவானது என்று அர்த்தம். பதியாமல் அதைப் போடுவது சட்டப்படித் தவறு.

இனி, உங்கள் மகன் போடுகிற டிசைன் யாருடையது என்பதைப் பார்ப்போம்.

2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வந்த விண்டோஸ் விஸ்டாவைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். திரையில் திறக்கும் ஜன்னல்களின் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரியும். அந்தத் தோற்றத்துக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் ஏரோ. அதற்கும் முன்னால், 2000 ஜனவரியில், ஆப்பிள் தன் கம்ப்யூட்டர் திரைக்கான அக்வா தோற்றத்தைக் காட்டியபோது, பார்த்தவுடன் நக்கத் தோன்ற வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையிலேயே சொன்னார். பட்டன் எல்லாம் ஜெல்லி மிட்டாய் போல இருந்தது. ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவரும் 'ஃப்ருட்டிகர் ஏரோ' என்று சொன்னதில்லை. வாடிக்கையாளர் வந்து "அந்தத் தண்ணி மாதிரி பளபளன்னு போட்டுக் குடுங்க" என்பார், நாங்கள் "கிளாஸ் எஃபெக்ட்" என்று பில்லில் எழுதுவோம்.

இந்தப் பெயர் 2017-ல் வந்தது. பழைய விளம்பரங்கள், பெட்டிகள், கடை அலங்காரங்களின் படங்களைச் சேர்த்து வகை பிரித்துப் பெயர் சூட்டும் ஆர்வலர் குழு ஒன்று இருக்கிறது, கன்ஸ்யூமர் ஈஸ்தெட்டிக்ஸ் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் என்று பெயர். அதில் சோஃபி லீ என்பவர் வைத்தது. ஏரோ என்ற சொல் விண்டோஸிலிருந்து வந்தது. ஃப்ருட்டிகர் என்பது ஸ்விட்சர்லாந்து எழுத்துரு வடிவமைப்பாளர் ஏட்ரியன் ஃப்ருட்டிகரின் பெயர். 1974-ல் திறந்த பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்காக, தூரத்திலிருந்தும் சாய்வாகப் பார்த்தாலும் படிக்க முடிகிற எழுத்தை அவர் வரைந்தார். 1976-ல் அது ஃப்ருட்டிகர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. விஸ்டாவில் வந்த சீகோ எழுத்து அதன் சாயலில் இருந்ததால் ஐரோப்பாவில் பிரச்சினையே கிளம்பி, மைக்ரோசாஃப்ட் அங்கே செய்திருந்த வடிவப் பதிவு 2006-ல் செல்லாமல் போனது. பாவம், மனிதர் 2015-லேயே இறந்துவிட்டார். தன் பெயர் குமிழிக்கும் மீனுக்கும் போய்ச் சேர்ந்தது அவருக்குத் தெரியாது.

பின்னால் வந்து பெயர் வைப்பது ஒன்றும் புதிதில்லை. சென்னை பாரிமுனையில் 1940 வாக்கில் எழுந்த டேர் ஹவுஸை இன்று ஆர்ட் டெக்கோ என்கிறோம். 1925 பாரிஸ் கண்காட்சியை வைத்து வந்த அந்தப் பெயர் ஊரெல்லாம் பரவியது 1960-களில்தான். கட்டிய கொத்தனாரிடம் கேட்டிருந்தால் புது மாடல் கட்டடம் என்றிருப்பார்.

ஆக, பெயர் வைத்தவர்கள் பாணிக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. பாணிக்குச் சொந்தக்காரரே இல்லை. நம் 1957 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் காப்பது ஒருவர் வரைந்த அந்தப் படத்தை, எடுத்த அந்தப் புகைப்படத்தை. யோசனைக்கும் கருப்பொருளுக்கும் காப்பு கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே, ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், தெளிவாகச் சொல்லிவிட்டது. வானம் நீலமாக இருப்பதற்கு யாரும் பட்டா வாங்க முடியாது. ஒரு குமிழி பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு நீல வட்டம், மேலே அடர்த்தி, கீழே வெளிர். மேல் பாதியில் வெள்ளையாக ஒரு முட்டை வடிவம், கீழே போகப் போகக் கரைய வேண்டும். அடிப்புறம் உள்ளேயிருந்து பல்பு எரிகிற மாதிரி ஒரு வெளிச்சம். ஓரத்தில் தலைமுடி கனத்தில் ஒரு இருட்டுக் கோடு. அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. 2007-ல் இதைப் பனியனில் கேட்டவர்களுக்கு நான் முடியாது என்றுதான் சொன்னேன். இரண்டு கலர் ஸ்கிரீன் பிரின்டிங்கில் இப்படி நிறம் கரைகிற கிரேடியன்ட் போட்டால் புள்ளி புள்ளியாக அம்மை போட்ட மாதிரி வரும். இப்போது ஃபிலிமில் அடித்துத் துணியில் ஒட்டுகிற டிடிஎஃப் பிரின்ட்டில் உங்கள் பையன் அநாயாசமாக அடிக்கிறான், எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும், அது அந்தப் பெயரின் முதல் சொல். ஃப்ருட்டிகர் என்பது எழுத்துருவின் பெயராக மோனோடைப் நிறுவனத்தின் டிரேட்மார்க். உடனே வாட்ஸ்அப் ஆசாமி சொன்னது உண்மைதானோ என்று பதற வேண்டாம். மொபைல் கடைப் பலகையை நினைத்துப் பாருங்கள். "இங்கு ஆப்பிள் போன் ரிப்பேர் செய்யப்படும்" என்று எழுதலாம், என்ன வேலை செய்கிறோம் என்று சொல்கிறோம், அவ்வளவுதான். கடைக்கே ஆப்பிள் என்று பெயர் வைத்தால்தான் வம்பு. அதே கணக்கு இங்கேயும். விற்பனைப் பக்கத்தில் "ஃப்ருட்டிகர் ஏரோ பாணி டிசைன்" என்று விவரத்தில் எழுதுங்கள், ஹேஷ்டேக் போடுங்கள், தேடி வருபவர் அந்தச் சொல்லைத்தான் தட்டுவார். ஆனால் கழுத்து லேபிளில் போடாதீர்கள், பெட்டியில் பிராண்ட் பெயராக அச்சடிக்காதீர்கள், இணைய முகவரியாக வாங்காதீர்கள், இன்ஸ்டாகிராம் கணக்கின் பெயராகவும் வேண்டாம். இப்போதைய 'ஃப்ருட்டிகர் ஏரோ கலெக்‌ஷன்' விவரத்துக்கும் பிராண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 'கலெக்‌ஷன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'பாணி' என்று மாற்றினால் விவரத்தின் பக்கம் வந்துவிடும். அவர்கள் எழுத்துரு விற்கிறவர்கள், நீங்கள் பனியன் விற்கிறவர்கள், வாடிக்கையாளர் குழம்ப வாய்ப்பு குறைவு என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுகிற நிலைமையே வராமல் இருப்பது மலிவு. இதையே பதிந்து தருகிறேன் என்று ஒருவர் 25,000 கேட்கிறார் என்றால், நிராகரிக்கப்படக் கூடிய விண்ணப்பத்துக்குக் கூலி கேட்கிறார்.

பதிய ஆசையா, உங்களுக்கென்று சொந்தமாக ஒரு பெயர் வைத்துப் பதியுங்கள். தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஆன்லைன் விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம், துணிக்கு 25-ஆம் வகுப்பு. ஸ்டிக்கரும் போடுவதானால் 16-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு 10 வருஷம் நிற்கும்.

பச்சை மேட்டுக்கு வருகிறேன். அது கம்ப்யூட்டரில் வரைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள், இல்லை. 1996-ல் கலிஃபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்ல்ஸ் ஓ'ரியர் என்ற புகைப்படக்காரர் ஃபிலிமில் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் உரிமையை விலைக்கு வாங்கி 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பியில் வைத்தது. "எக்ஸ்பிக்கு சப்போர்ட்டே முடிஞ்சுபோச்சு, இனி ஃப்ரீ" என்று உங்கள் மகனிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். 2014 ஏப்ரலில் முடிந்தது சப்போர்ட், உரிமை முடியவில்லை. வீட்டில் ஆள் குடியில்லை என்றால் வீடு நமக்கு வந்துவிடுமா? நம் சட்டத்தில் புகைப்படத்துக்கு, எடுத்தவர் இருக்கும் வரையும், அவர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டும் காப்பு. உங்கள் பேரன் அடிக்கட்டும். மகனுக்குப் பச்சை மேடு வேண்டுமென்றால் ஊட்டிப் பக்கம் ஒரு நாள் போய் அவனே எடுத்து வரட்டும், மழை விட்ட மறுநாள் போனால் வானமும் கிடைக்கும்.

இதைவிட மோசமான கண்ணி, '5,000 ஏரோ ஐகான், 499 ரூபாய், கமர்ஷியல் லைசென்ஸ் உண்டு' என்று விற்கிற டிசைன் பேக்குகள். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் பென் டிரைவில் கொண்டுவந்தார். திறந்தால் கோப்புப் பெயரெல்லாம் 'இமேஜ்ரெஸ்', பின்னால் ஒரு எண். விஸ்டாவிலும் விண்டோஸ் 7-லும் ஐகான்கள் உட்கார்ந்திருக்கும் கோப்பின் பெயர் அது. பிரித்து எடுத்தவர் பெயரைக் கூட மாற்றவில்லை, அவ்வளவு சோம்பல். அதற்கு ஒரு லைசென்ஸ் பிடிஎஃப் வேறு. தன்னுடையதல்லாததற்கு ஒருவர் கொடுக்கும் லைசென்ஸ், அடுத்த வீட்டு மாமரத்துக்கு நான் எழுதிக் கொடுக்கும் ரசீது.

எழுத்துருவுக்கும் பேக் தேடி அலைய வேண்டாம். தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வருகிற முக்தா மலர், ஹிந்த் மதுரை இரண்டும் திறந்த உரிமத்தில் இலவசம். அச்சடித்து விற்கலாம், எழுத்துருவையே தனியாக விற்கக் கூடாது.

இன்னொன்று, ஒய்2கே என்று எல்லாவற்றுக்கும் டேக் போடாதீர்கள். அது இதற்கு முந்தைய வெள்ளி உலோகமும் ரப்பர் பொம்மைத் தோற்றமும், 2000-ஐ ஒட்டியது. கல் பதித்த பிங்க் ஜீன்ஸை ஒய்2கே என்று விற்கிறவர்கள் பாதிப் பேர், பெயர் சூட்டும் அந்தக் குழுவினரைக் கேட்டால் அது மெக்பிளிங் என்பார்கள். குமிழியும் புல்லும் ஏறத்தாழ 2004 முதல் 2013 வரை. 2012-ல் விண்டோஸ் 8-ம் மறு ஆண்டு ஐபோனின் ஐஓஎஸ் 7-ம் வந்து எல்லாவற்றையும் தட்டையாக்கின. 2025-ல் ஆப்பிளே லிக்விட் கிளாஸ் என்று கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது, அதனால் உங்கள் சரக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு இடத்தில். உண்மையான கேஸ் வராமலே போகலாம், ஆனால் விற்பனைத் தளத்தில் யாரோ ஒருவர் புகார் பாரத்தை நிரப்பினால் அன்றைக்கே உங்கள் சரக்கைத் தூக்கிவிடுவார்கள். நிரூபிக்க வேண்டியது நீங்கள். பதில் எழுதினால் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு மெயில் வரும், அதற்குப் பதில் போட்டால் அந்த முகவரிக்கு மெயிலே போகாது. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு தீபாவளி சீசனே இப்படிப் போயிற்று. புகார் கொடுத்தவர் யாரென்று பார்த்தால் அதே டிசைனைத் திருடி விற்ற ஆள். அதனால் ஒவ்வொரு டிசைனுக்கும் லேயர் பிரித்த மூலக் கோப்பைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே பாதி வேலையில் நாலு ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் இணைத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வானம், புல், குமிழி எல்லாம் பையன் கைவேலை, நன்றாகவே வந்திருக்கிறது. மூன்றாவது டிசைனில் இருக்கும் மீன் மட்டும் அவன் போட்டதில்லை. அது 2009 ஜனவரியில் வந்த விண்டோஸ் 7 பீட்டாவின், அதாவது சோதனைப் பதிப்பின், வால்பேப்பரில் இருந்த மீன். அந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் பெட்டா என்று பெயர், பீட்டா பதிப்புக்குப் பெட்டா மீன் என்று அவர்கள் அடித்த சிலேடை. நம் ஊர் மீன் கடைகளில் ஃபைட்டர் என்பார்கள். அந்த ஒரு டிசைனை இன்றே விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். நாளைக்கு ஒரு நீல ஃபைட்டரும் ஒரு கண்ணாடி ஜாடியும் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி அவனே படம் எடுக்கட்டும். இரண்டு ஃபைட்டரை ஒரே ஜாடியில் போட வேண்டாம், அடித்துக்கொள்ளும்.