கணினி எழுந்ததும் துடைப்பம்

கேள்வி: என் லினக்ஸ் கணினியில் டெம்ப் (/tmp) அடைவில் பழைய கோப்புகள் குவிந்துகொண்டே இருந்தன. தொடக்கத்தில் ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில் 'ஆர்எம் -ஆர்எஃப் /டெம்ப்/*' என்று, உள்ளிருப்பதை அழிக்கும் ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து என் சோதனை இணையதளத்தில் படம் ஏற்ற முடிவதில்லை. தளத்தை வழங்கும் சேவையான அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினால் சரியாகிறது. மறுநாள் அதே கதை. ஏன்?

பதில்: அந்த வரிதான் காரணம். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. இதே வரியை எழுதிவிட்டு, இரண்டு நாள் தளத்தின் நிரல்மொழியான பிஎச்பியைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

டெம்ப் அடைவில் இருப்பதைப் பட்டியலிட எல்எஸ் கொடுத்துப் பாருங்கள். 'சிஸ்டம்டி-பிரைவேட்' என்று தொடங்கி, நீண்ட எழுத்துக் குவியலும் நடுவில் அப்பாச்சியின் பெயருமாக ஓர் அடைவு இருக்கும். அதற்குள் இன்னொரு டெம்ப். சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி, அப்பாச்சிக்கென்று தனியாக ஒதுக்கியது அது; அப்பாச்சி தன் உலகத்தில் டெம்ப் என்று காண்பது அதைத்தான். சேவைகள் எழுந்து உட்கார்ந்த நேரத்தில் உங்கள் வரி ஓடி, அந்த அடைவையும் வாரிக்கொண்டு போகிறது. அழிந்துபோன அடைவை அப்பாச்சி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது; ஏற்றப்படும் படத்தை முதலில் அங்கே எழுதப் போனால் 'அப்படியொன்று இல்லை' என்ற பிழைதான் வரும். மறுபடி தொடங்கும்போது புது அடைவு கிடைக்கிறது, படமும் ஏறுகிறது. நட்சத்திரக் குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது என்பதால் திரையைக் காட்டும் எக்ஸ்11-இன் சாக்கெட் அடைவு தப்பியது. திரையாவது வருகிறதே, சந்தோஷப்படுங்கள்.

முதலில் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பிறகு 'ஃபைண்ட்மவுண்ட் /டெம்ப்' என்று கேளுங்கள். டெம்ப்எஃப்எஸ் என்று பதில் வந்தால் அந்த அடைவு நினைவகத்தில் இருக்கிறது. கணினியை அணைத்தாலே காலியாகிவிடும். ஃபெடோரா 18-லிருந்தும் டெபியன் 13-லிருந்தும் இதுதான் இயல்பு.

பதிலே வராவிட்டால் டெம்ப் வட்டில் இருக்கிறது. அப்போது வேலையைச் சிஸ்டம்டியிடமே விடுங்கள். /யூஎஸ்ஆர்/லிப்/டெம்ப்ஃபைல்ஸ்.டி அடைவில் டெம்ப்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. அதை அங்கேயே திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் போய்விடும்; அதே பெயரில் /இடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி அடைவுக்கு நகலெடுத்துத் திருத்துங்கள். டெம்ப் வரியின் முதல் எழுத்து உங்களுக்குச் சின்ன க்யூவாக (q) இருக்கும். அதைப் பெரிய டியாக (D) மாற்றினால் போதும். ஒவ்வொரு தொடக்கத்திலும், சேவைகள் எழுவதற்கு முன்பே, உள்ளிருப்பவை அழிக்கப்படும். உங்கள் வரியில் தப்பாக இருந்தது நேரம் மட்டுமே.

க்யூவாகவே விட்டாலும் குப்பை நிரந்தரமாகத் தங்காது. தொடங்கிய 15 நிமிடத்தில் ஒரு முறை, பிறகு நாளுக்கு ஒரு முறை, 10 நாளாகத் தொடப்படாத கோப்புகள் நீக்கப்படும். படித்தாலும் தொட்டதாகவே கணக்கு. 'பழைய கோப்பு ஏன் போகவில்லை' என்று குழம்ப வேண்டாம்.

அதே கையோடு அடுத்த வரியில் இருக்கும் /வார்/டெம்ப்-இன் எழுத்தையும் மாற்றிவிடாதீர்கள். மறுதொடக்கத்துக்குப் பிறகும் தேவைப்படும் தற்காலிகக் கோப்புகளை நிரல்கள் அங்கேதான் வைக்கின்றன. அதற்கு 30 நாள் கெடு தனியாக இருக்கிறது.